போக ஏழு மணி நேரம், வர ரெண்டு மணி நேரமா?

கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அம்மாவைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாக அனுப்புகிறார். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:35க்குக் கிளம்பி 07:20க்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது 21:00க்குக் கிளம்பி 22:40க்கே திருச்சி. போக ஏழு மணி நேரம் அம்மா தாங்குவாரா, 4,000 ரூபாய் கூடக் கொடுத்தால் ஏஜென்ட் 'ஸ்பீடு ஃபிளைட்'டில் மாற்றித் தருகிறாராம், மாற்றலாமா?

முதலில் அந்த நாலாயிரத்தைப் பத்திரமாக உள்ளே வையுங்கள். ஸ்பீடு ஃபிளைட் என்று ஒன்றும் கிடையாது. கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். போக நாலே கால், வர நாலு மணி பத்து நிமிஷம். (ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்று ஊரில் பெரியவர்கள் யாராவது அடித்துச் சொன்னால் அவர்களும் பொய் சொல்லவில்லை, முன்பு அப்படித்தான் இருந்தது, 1982இல்தான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தி வைத்தது.) இதை டிக்கெட்டிலேயே 'பயண நேரம் இவ்வளவு' என்று பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? எறும்பு எழுத்தில் 'உள்ளூர் நேரம்' என்று போட்டுவிட்டுக் கைகழுவி விடுகிறார்கள்.

தூரம் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே போனபின் மணிக்கு 800க்கு மேல் பறக்கும், மீதி நேரம் ரன்வேக்கு ஊர்ந்து போவதிலும் ஏறி இறங்குவதிலும் போகும்.

ஏஜென்ட் 'டைரக்ட்' என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் ஃபிளைட் நம்பர் மாறாவிட்டால் அதற்கும் டைரக்ட் என்றுதான் பெயர், அதனால் 'நான்-ஸ்டாப்பா?' என்று கேளுங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய முன்கூட்டியே நிரப்ப வேண்டிய அரைவல் கார்டு படிவத்துக்கும் காசு கேட்பார்கள், தராதீர்கள். அது இலவசம், அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே போட்டுவிடலாம்.

எனக்கு உங்கள் டிக்கெட்டில் பயமே அந்த 00:35தான். 15ஆம் தேதி 00:35 என்றால் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் வருகிற 00:35. 15ஆம் தேதி ராத்திரி இல்லை. முறுக்கு டின், ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டு சரியாக ஒரு நாள் கழித்து வந்து நின்ற குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன், கவுன்டரில் இருந்த பெண் தேதியை விரலால் தொட்டுக் காட்டியும் அந்த அப்பாவுக்குப் புரியவில்லை, 'இன்னிக்குத்தானேம்மா 15' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பணமும் திரும்பவில்லை. பகல் ஃபிளைட் என்றால் இந்தக் கவலையே இல்லை, உங்களுக்கு அப்படி இல்லை. 14ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு ஏர்போர்ட், அப்படியென்றால் கும்பகோணத்தில் சாயங்காலம் ஆறரைக்கே கார். வீட்டுக் காலண்டரில் 14ஆம் கட்டத்தில் எழுதிவிடுங்கள், 15இல் எதுவும் எழுதாதீர்கள்.