செனட்டரின் மகன் அல்லாதவன்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அறுபதுகளின் அமெரிக்க இசை குறித்து நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் ஒன்றில், கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்னும் ராக் குழுவின் ‘ஃபார்ச்சுனேட் சன்’ (கொடுத்துவைத்த மகன்) பாடலை, வியட்நாம் போர்க்காலத்தில் எழுந்த எதிர்ப்புப் பாடல்களில் மிகக் கூர்மையானது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதன்பின் அந்தப் பாடலைப் பலமுறை கேட்டேன். எனக்கு ஓர் ஐயம் எழுகிறது.

இந்தப் பாடல் அமெரிக்காவில் விளம்பரங்களிலும் தேர்தல் கூட்டங்களிலும் படைவீரர் விழாக்களிலும் ஒலித்திருக்கிறது. யாரை எதிர்த்து எழுதப்பட்டதோ அவர்களே எடுத்து மகிழ்ச்சியோடு ஒலிபரப்ப முடிகிறது என்றால், எதிர்ப்புப் பாடலாக அது தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? அதன் துள்ளலான இசையே சொற்களை விழுங்கிவிட்டது என்று தோன்றுகிறது. மேலும், பாடலை எழுதிய ஜான் ஃபோகர்ட்டி வியட்நாம் களத்துக்குப் போகாதவர் என்று அறிகிறேன். போருக்கு அனுப்பப்பட்டவனின் கோபத்தைப் பாட அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? இக்குழுவின் வேறு எந்தப் பாடல்களைக் கேட்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐயம் நியாயமானது. அமெரிக்காவிலும் பலர் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆனால் பாடல் எதை எதிர்க்கிறது என்பதை முதலில் சரியாக வரையறுத்துக்கொள்ளாவிட்டால், அது வென்றதா தோற்றதா என்ற கேள்விக்குள் நுழைய முடியாது. இதைப் பொதுவாகப் ‘போர் எதிர்ப்புப் பாடல்’ என்று சொல்லிவிடுகிறோம். நானும் அந்தக் கட்டுரையில் அந்தத் தலைப்பின்கீழ்தான் இதை வைத்திருந்தேன். ஆயினும் பாடலுக்குள் வியட்நாம் என்ற பெயர் இல்லை, போர்க்களம் இல்லை, சமாதானம் வேண்டும் என்ற கோரிக்கையும் இல்லை. மூன்று சரணங்களும் மூன்று வகைப் பிள்ளைகளைக் காட்டுகின்றன. முதலாவது, கொடியசைக்கவே பிறந்தவர்கள். குடியரசுத் தலைவரை வரவேற்கும் வாத்தியம் முழங்கும்போது அவர்களின் பீரங்கி நம் பக்கம் திரும்புகிறது. இரண்டாவது, செல்வத்தில் பிறந்தவர்கள். வரி அதிகாரி வாசலுக்கு வரும்போது மட்டும் அவர்கள் வீடு ஏழை வீடாகிவிடுகிறது. மூன்றாவது, தேசப்பற்றைச் சொத்தாகப் பெற்றவர்கள். நம்மைப் போருக்கு அனுப்பிவிட்டு, இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்டால், ‘இன்னும், இன்னும்’ என்று மட்டுமே சொல்பவர்கள். பல்லவியில் ஒருவன், நான் செனட்டரின் மகன் இல்லை, நான் அந்தக் கொடுத்துவைத்தவன் இல்லை என்று கத்துகிறான். போரின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் பாடல் கேட்கிறது. அது வர்க்கம் குறித்த கேள்வி.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அன்றைய கட்டாய ராணுவச் சேவை நடைமுறையைப் பார்க்க வேண்டும். பதினெட்டு வயதான ஒவ்வோர் ஆணும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆனால் யாரை அழைப்பது, யாருக்கு ஒத்திவைப்பு வழங்குவது என்பதை அந்தந்த ஊரின் குழுக்களே முடிவு செய்தன. கல்லூரியில் படிப்பவருக்கு ஒத்திவைப்பு உண்டு. ஆகவே கல்லூரிக் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்துப் பையனுக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்தன. சொந்த மருத்துவர் உள்ள குடும்பங்களுக்கு உடற்குறைச் சான்று பெறுவது எளிதாக இருந்தது. நேஷனல் கார்டு, ரிசர்வ் ஆகிய துணைப்படைகளைப் பெருமளவில் வியட்நாமுக்கு அனுப்புவதில்லை என்று அன்றைய குடியரசுத் தலைவர் ஜான்சனின் அரசு முடிவெடுத்ததால், அவற்றில் இடம்பிடிப்பதற்குக் கடும் போட்டி நிலவியது. அங்கே செல்வாக்கும் வேலை செய்தது. இன்னொரு பக்கம், பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா 1966-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி தகுதித் தேர்வின் அளவுகோல் தாழ்த்தப்பட்டு, அதுவரை நிராகரிக்கப்பட்டுவந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் படைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். கறுப்பினத்தவர் விகிதமும் மிக அதிகம். இந்த நடைமுறை அநீதியானது என்பதை அரசே ஒருவகையில் ஒப்புக்கொண்டது: பாடல் வெளிவந்த சில வாரங்களில், 1969 டிசம்பர் 1 அன்று, கண்ணாடிக் கலத்தில் இட்ட 366 பிறந்தநாள் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அழைக்கும் வரிசையைக் குலுக்கலால் தீர்மானித்தார்கள். அப்போதும் மாணவர்களுக்கான ஒத்திவைப்பு உடனடியாக நீங்கிவிடவில்லை. 1971 வரை அது தொடர்ந்தது.

ஃபோகர்ட்டிக்குப் பொறி தட்டியது ஒரு திருமணச் செய்தியில். 1968 டிசம்பர் 22 அன்று, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிக்சனின் மகள் ஜூலிக்கும், முன்னாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் பேரன் டேவிட்டுக்கும் நியூயார்க்கில் திருமணம் நடந்தது. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் யாரும் போர்முனையில் நிற்கப்போவதில்லை என்ற எண்ணம் அப்போது தம் மனத்தில் ஊன்றிவிட்டதாக ஃபோகர்ட்டி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுத அமர்ந்தபோது இருபது நிமிடங்களில் சொற்கள் வந்துவிட்டன என்பதும் அவர் சொன்னதுதான். நான் அதை நம்புகிறேன். பாடலில் ஒரு சொல்லும் செதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. பலநாள் அடக்கிவைத்த பேச்சு உடைத்துக்கொண்டு வந்ததாகவே தெரிகிறது.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த டேவிட் ஐசன்ஹோவர் 1970-இல் கடற்படையில் சேர்ந்து பணியாற்றினார். உண்மையாகவே ஒரு செனட்டரின் மகனான அல் கோர், பாடல் வெளிவந்த அதே 1969-இல் தாமே முன்வந்து ராணுவத்தில் சேர்ந்து, ராணுவச் செய்தியாளராக வியட்நாமுக்குச் சென்றார். அமெரிக்க மரைன் படை வரலாற்றில் மிக அதிகமான விருதுகளைப் பெற்ற ஜெனரல் செஸ்டி புல்லரின் மகன் லூயிஸ் புல்லர், 1968-இல் வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி இரண்டு கால்களையும் இழந்தார். தம் வாழ்க்கையை 1991-இல் நூலாக எழுதியபோது ‘ஃபார்ச்சுனேட் சன்’ என்றே அவர் தலைப்பிட்டார். அந்த நூல் புலிட்சர் பரிசு பெற்றது. 1994-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். புல்லரின் வாழ்க்கையை அறிந்தபின் பாடலில் ராணுவ அதிகாரியின் மகனைப் பற்றிய வரியை என்னால் பழையபடி கேட்க முடிவதில்லை. ஆனால் இவர்கள் மூவரும் பொதுவிதிக்கு விலக்கான தனிமனிதர்கள். பாடல் அந்தப் பொதுவிதியைப் பேசுகிறது.

இனி, ஃபோகர்ட்டியின் உரிமை பற்றிய உங்கள் கேள்வி. 1966-இல் கட்டாயச் சேவைக்கான அழைப்பு வந்த வேளையில் அவர் ராணுவ ரிசர்வில் சேர்ந்தார், பயிற்சி முகாம்களில் இருந்தார், வியட்நாமுக்கு அனுப்பப்படவில்லை. குழுவின் டிரம்ஸ் கலைஞர் டக் கிளிஃபோர்ட் கடலோரக் காவல்படையின் ரிசர்வில் இருந்தவர். ஆகவே அவர்கள் தப்பித்தவர்கள் என்று ஒருவர் சொல்லலாம். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோ என்னும் சிற்றூரில், ஒரே பள்ளியில் படித்து வளர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் அவர்கள். சீருடை அணிந்து, முகாமில் உறங்கி, கூட இருந்தவர்களில் யார் எங்கே போகிறார்கள், யார் எப்படித் தப்புகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அன்றைய போர் எதிர்ப்புப் பாடல்களில் பெரும்பாலானவற்றில் படைவீரன் ‘அவன்’. இந்தப் பாடலில் அவன் ‘நான்’. வியட்நாமில் இருந்த வீரர்கள் விரும்பிக் கேட்ட குழுக்களில் கிரீடன்ஸ் ஒன்றாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஃபோகர்ட்டிக்கு அந்தக் கோபத்தைப் பாடும் உரிமை இல்லை என்று அந்த வீரர்கள் நினைக்கவில்லை.

இசை சொற்களை விழுங்கிவிட்டது என்கிறீர்கள். இங்கே நான் உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். பாடல் இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. முதலில் டிரம்ஸ் தனியாக அடிக்கிறது, பேஸ் கிட்டார் சேர்கிறது, அதன்பின் கிட்டார், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல், ஒரு சிறு இசைத்தொடரை மீட்டுகிறது. நீண்ட கிட்டார் தனியாவர்த்தனம் கிடையாது. ஃபோகர்ட்டியின் குரல் முதல் வரியிலேயே தன் உச்சத்துக்கு அருகில் நிற்கிறது. பல்லவியில் அது கிழிகிறது. நீங்கள் துள்ளல் என்று கேட்பது எனக்குப் பொறுமையிழந்த ஒருவனின் நடையாகக் கேட்கிறது. இதே சொற்களை ஒற்றைக் கிட்டாரோடு மெதுவாக, சோகமாகப் பாடியிருந்தால், கேட்பவர் அந்த இளைஞன்மீது இரக்கம் கொண்டிருப்பார். ஃபோகர்ட்டி இரக்கத்தைக் கேட்கவில்லை. தவிரவும், வானொலியில் ஒலித்து எல்லாத் தரப்பினரையும் சென்றடைய வேண்டுமானால் பாடல் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ‘டவுன் ஆன் த கார்னர்’ என்னும் மகிழ்ச்சிப் பாடலோடு ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வெளிவந்து, 1969 டிசம்பரில் பில்போர்டு என்னும் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை அது ஏறியது.

அப்படியானால் விளம்பரத்திலும் மேடையிலும் அது எவ்வாறு சென்று சேர்ந்தது? பாடலின் கதையில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். கிரீடன்ஸ் குழு இளமையில் ஃபேன்டசி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால், ஃபோகர்ட்டி எழுதிய பாடல்களின் வெளியீட்டு உரிமை அவரிடம் இல்லாமல் போனது. அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காக, 1980-இல் ராயல்டியையும் விட்டுக்கொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் சால் ஸேன்ட்ஸோடு ஏற்பட்ட பகை எந்த அளவுக்குச் சென்றதென்றால், 1985-இல் ஃபோகர்ட்டி வெளியிட்ட ஒரு புதிய பாடல், அவரே 1970-இல் எழுதிய பாடலின் நகல் என்று கூறி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவர் நீதிமன்றத்தில் கிட்டாரை வாசித்துக் காட்டி இரண்டும் வேறு என்று நிறுவி 1988-இல் வென்றார். வழக்குச் செலவு குறித்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1994-இல் தீர்ப்பானது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் ‘ஃபார்ச்சுனேட் சன்’ ஒலித்தபோது அதைத் தடுக்கும் சட்ட அதிகாரம் எழுதியவருக்கு இல்லை. அந்த விளம்பரம் கொடியசைக்கப் பிறந்தவர்களைப் பற்றிய முதல் வரிகளை எடுத்துக்கொண்டு, பீரங்கி திரும்புவதற்கு முன்பே நின்றுவிடும்.

அந்த வெட்டு முக்கியமானது. பாடலின் சொற்களுக்கு வலுவில்லை என்றால் முழுவதையும் ஒலிக்கவிட்டிருக்கலாமே? எதிராளி எடுத்துக்கொள்ள முடிந்தது முதல் வரிகளையும் தாளத்தையும் மட்டுமே. 2020-இல் டிரம்ப்பின் தேர்தல் கூட்டங்களில் இது ஒலித்தபோது, மருத்துவக் காரணம் காட்டிப் போரிலிருந்து விலக்குப் பெற்ற ஒருவரின் கூட்டத்தில் இந்தப் பாடலா என்று ஃபோகர்ட்டி வெளிப்படையாகத் திகைப்பைத் தெரிவித்து, அதைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு சட்ட அறிவிப்பும் அனுப்பினார். அந்தச் சர்ச்சையின் விளைவாக, பாடலின் பொருள் என்ன என்பதை அதுவரை கவனித்திராத பலருக்கும் நாளிதழ்கள் விளக்கி எழுதின. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அரசியல் மேடையில் ஒலித்தவுடன் விளக்கம் கோரும் பாடலைத் தோற்ற பாடல் என்று என்னால் கருத இயலவில்லை.

படைவீரர் விழாவில் ஒலித்ததை நீங்கள் விளம்பரத்தோடு ஒரே வரிசையில் வைக்கிறீர்கள், அது பொருந்தாது. உரிமைச் சிக்கலால் மனம் கசந்து, கிரீடன்ஸ் பாடல்களைப் பல ஆண்டுகளாக மேடையில் பாட மறுத்துவந்த ஃபோகர்ட்டி, 1987 ஜூலை 4 அன்று வாஷிங்டன் அருகே வியட்நாம் வீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில், அவர்களுக்காகவே அந்தப் பாடல்களை மீண்டும் பாடினார். 2014 நவம்பர் 11 அன்று வாஷிங்டனில் நடந்த படைவீரர் தின நிகழ்ச்சியில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் மற்றவர்களும் இதைப் பாடியபோது, வீரர்களை அவமதித்துவிட்டார்கள் என்று சிலர் கண்டித்தார்கள். பாடல் வீரர்களுக்கு எதிரானது அன்று, அது அநீதியான வர்க்க வேறுபாட்டைப் பற்றியது என்று ஃபோகர்ட்டி அப்போது பதிலளித்தார். வீரர்கள் கூடும் இடத்தில் பாடப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடல் குறைவு.

‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்துக்குப் பிறகு வியட்நாம் போரின் ஹெலிகாப்டர் காட்சியோடு இது ஒட்டிக்கொண்டுவிட்டது உண்மை. அந்தப் பழக்கம் பாடலை ஒரு காலத்தின் அடையாளச் சின்னமாகச் சுருக்கிவிட்டது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். உரிமை விஷயத்தில் நல்ல செய்தியும் உண்டு. ஃபேன்டசியை 2004-இல் வாங்கிய கான்கார்டு நிறுவனம் அவருக்கு ராயல்டியை மீட்டளித்தது. 2023-இல், தம் எழுபத்தேழாம் வயதில், பாடல்களின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி திரும்ப வாங்கினார்.

வேறு பாடல்கள் கேட்டிருந்தீர்கள். 1970-இல் வந்த ‘காஸ்மோஸ் ஃபேக்டரி’ இசைத்தொகுப்பில் இரண்டைப் பரிந்துரைக்கிறேன். ‘ஹூல் ஸ்டாப் த ரெய்ன்’ மெதுவானது, சோர்வும் ஏக்கமும் நிறைந்தது. ‘ஃபார்ச்சுனேட் சன்’ கத்திச் சொன்னதன் அமைதியான மறுபாதி என்று அதை நான் கேட்கிறேன். ‘ரன் த்ரூ த ஜங்கிள்’ வியட்நாம் காட்டைப் பற்றியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அமெரிக்காவுக்குள் பெருகிவிட்ட துப்பாக்கிகளைப் பற்றி அதை எழுதியதாக ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார். 1985 வழக்கில் மூலமாகக் காட்டப்பட்ட பாடலும் அதுவே. கேட்டுவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்