கில்லன் பாரே: எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள்

புனேயில் 2025 ஜனவரியில் பரவிய கில்லன் பாரே நரம்பு நோய் தாமிரபரணித் தண்ணீரிலும் வருமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபாக்டர் கிருமி கலந்தால் எந்த ஆற்றுத் தண்ணீரும் ஆபத்துதான். வயிற்றுப்போக்கு நின்று ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்குக் கிருமியைத் தாக்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி நரம்பின் மேல் பாய்ந்து கை கால் தளர்கிறது. அதுதான் கில்லன் பாரே. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கோழிக்கறி எலும்பு வரை வேகட்டும்.

அண்ணனுக்கு வந்த கில்லன் பாரே ஆக்சான் வகை என்றார்கள். லண்டனில் இருக்கும் அத்தான், அங்கே மயலின் வகைதான் வரும் என்கிறார். எது சரி?
– வாசகர், கடையநல்லூர்

இரண்டும் சரி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பத்தில் ஒன்பது பேருக்கு நரம்பின் மேலுறையான மயலின்தான் கெடுகிறது. வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகளுக்கு வந்த வாதத்தை 1990களில் ஆராய்ந்தபோதுதான், உள்ளிழையான ஆக்சானே தாக்கப்படும் வகை தெளிவானது. வங்கதேசத்திலும் மெக்சிகோவிலும் அது அதிகம். ஜப்பானில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பார்வை இரட்டையாகி நடை தள்ளாடும். அது மில்லர் ஃபிஷர் வகை. நம் நாட்டில் எல்லாம் கலந்தே வருகிறது. அந்தந்த ஊரில் எந்தத் தொற்று மிகுதி என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். முதல் வார நரம்புச் சோதனையை மட்டும் வைத்து வகையை முடிவுகட்டாதீர்கள்; சில வாரம் கழித்து எடுத்தால் மாறலாம். வகை எதுவானாலும் முதல் சிகிச்சை ஒன்றே.

அப்பாவுக்குக் கால் தளர்ச்சி. நான்கு நரம்பு ஊசி போட்டும் குணமில்லை. ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன்.
– வாசகர், திசையன்விளை

கட்டுக்கட்டாக ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறீர்கள். தளர்ச்சி தொடங்கிய தேதி எங்கே? அதுதானே முதலில் வேண்டும்! வள்ளியூர், சுரண்டை, நாங்குநேரி என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் இதே கதைதான்: முதலில் நரம்பு ஊசி, பிறகு எண்ணெய் தேய்ப்பு, அதன்பின் ஆஸ்பத்திரி. நரம்பு ஊசி என்று போடும் அந்த வைட்டமின் ஊசி கில்லன் பாரேயை ஒரு நாள்கூட நிறுத்தாது. காலில் செருப்பு நிற்கவில்லை, மறுநாள் படியேற முடியவில்லை, அதற்கடுத்த நாள் கை தூக்க வரவில்லை என்று தளர்ச்சி மேலேறினால் அன்றே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். இம்யூனோகுளோபுலின் (ரத்த தானத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள், 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம்; அல்லது பிளாஸ்மா எனும் ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது ஐந்து முறை. இரண்டில் ஒன்று போதும், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நாலில் ஒருவருக்கு மூச்சுத் தசையும் தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படும். அப்பாவை ஒரே மூச்சில் வேகமாக எண்ணச் சொல்லுங்கள். இருபதுக்குள் திணறினால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை தரலாமா?
– வாசகர், தென்காசி

கூடாது. கில்லன் பாரே போலவே நரம்பைத் தாக்கி, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும் சி.ஐ.டி.பி. என்ற நோய்க்குத்தான் அது உதவும். தளர்ச்சி தொடங்கி எத்தனை நாள் என்று நீங்களும் எழுதவில்லை.

பேத்திக்கு வயது ஆறு. கால் துவண்டதற்கு மலத்தை ஏன் இரண்டு முறை சோதனைக்கு எடுத்தார்கள்?
– வாசகி, களக்காடு

பதினைந்து வயதுக்குள் திடீரென்று கை கால் துவண்டால் போலியோ இல்லை என்று உறுதிசெய்வது அரசு விதி. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுப்பார்கள். பயப்படாமல் கொடுங்கள்.