மலேசியத் தோட்டத்துப் பையன் காற்பந்து வீரனாகும் கதையைப் படமாக எடுக்கிறோம். ஆட்டக் காட்சிகள் பொய்யாகத் தெரியாமல் இருக்க என்ன செய்யலாம்?

நடிக்கத் தெரிந்த பையனைத் தேடாதீர்கள், ஆடத் தெரிந்தவனைத் தேடுங்கள். மூன்று மாதம் பழக்கினால் ஓட்டம் தேறும், உதையும் தேறும். வரும் பந்தை முதல் தொடுதலில் அடக்கும்போதுதான் குட்டு உடையும். பழகாதவன் பந்து காலுக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆடி வளர்ந்தவன் அதற்குள் ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்த்திருப்பான். சுங்கை சிப்புட், பீடோர், பகாவ் போன்ற தோட்டப்புற ஊர்கள் பக்கம் மாலையில் திடலோரம் நின்று பாருங்கள்.

நாயகனின் 12 வயதுக்கு ஒருவன், 17 வயதுக்கு ஒருவன் என்றால் முகச்சாயலுக்கு முன்னால் காலைப் பாருங்கள். சின்னவன் இடதுகால், பெரியவன் வலதுகால் என்று படப்பிடிப்பு நாளில் தெரியவந்தால் திருத்த வழியில்லை. பந்தின் அளவும் மாற வேண்டும்: சின்னவனுக்கு 4-ஆம் எண், பெரியவனுக்கு 5.

தோட்டத்துத் திடல் மேடும் பள்ளமுமாக, வெயிலில் இறுகிக் கிடக்கும். முழுக் காற்று அடைத்த பந்து அதில் துள்ளிக்கொண்டு ஓடிவிடும், ஒரே காட்சியை இருபது முறை எடுக்க நேரும். 5-ஆம் எண் பந்துக்கு விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று இருக்கலாம். 9-இல் வையுங்கள். திரையில் வித்தியாசம் தெரியாது.

ஆட்டத்தை முழுசாக ஓடவிட்டுப் படம் பிடிக்க வேண்டாம். ஐந்து விநாடி நகர்வுகளாகப் பிரித்து, யார் கொடுப்பது, யார் வாங்குவது, பந்து எங்கே நிற்பது என்று எட்டுப் பேரை வைத்து நடனம்போல ஒத்திகை பாருங்கள். கேமரா முழங்கால் உயரத்தில் கூடவே ஓடட்டும். மேலிருந்து எடுத்தால் தொலைக்காட்சியில் பார்க்கும் லீக் ஆட்டம்தான் நினைவுக்கு வரும், நம் பையன்கள் நடப்பதுபோல் தெரிவார்கள். கீழே, கிட்டத்தில், பின்னால் புல் விரைந்தால் அதே ஓட்டம் வேகமாகிவிடும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் ஷட்டர் வேகத்தை 1/48 விநாடியிலிருந்து 1/96-க்கு மாற்றினால் பந்து கோடாக இழுபடாது. ஆனால் வெளிச்சம் பாதியாகும்.

அந்த வெளிச்சம்தான் தகராறு. மேற்குக் கரையில் சூரியன் ஏழேகால் வாக்கில் மறைகிறது, திடலை ஒட்டிச் செம்பனை நின்றால் நிழல் அதற்கு வெகுமுன்பே விழுந்துவிடும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் மாலை இடிமழை வேறு. காலையில் எடுத்து மாலையாகக் காட்டலாம். அப்போது நிழல் எதிர்ப்பக்கம் விழும், ஆகவே கோல் திசையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கதை 1980-களில் என்றால் பின்னணியில் செம்பனையைவிடக் கித்தா (ரப்பர்) மரமே பொருத்தம். பால்வெட்டு விடியுமுன் தலைவிளக்கோடு தொடங்கும். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. மழைநாளில் அம்மா பால்வெட்டுகிற காட்சி வைத்தால் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். மழை பெய்தால் அம்மாவுக்கு வேலை இல்லை, மகனுக்குச் சேற்றில் ஆட்டம். பூட்ஸ் வாங்கப் பணம் கேட்கும் காட்சியை அந்த நாளில் வையுங்கள்.

உச்சக்கட்டத்துக்குக் கோப்பை தேவையில்லை. படிவம் 5, எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வருடம், மாநில அணிக்கான தேர்வு, அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல். இது போதும்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். திடலில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை: “டேய், பாஸ்லா!”, பின்னாலிருந்து பெயர், ஓரத்திலிருந்து சிக்குவின் (ஆசிரியரின்) விசில்.