வாசகர் கேள்வி: மழைக்கால அரிப்பு உடம்புச் சூட்டாலா?

கேள்வி: எனக்கு வயது 34. புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்கிறேன். ஆண்டுதோறும் சித்திரை வெயிலில் தொடையிடுக்கில் அரிப்புத் தொடங்கி, வைகாசி மழையோடு வட்டம் வட்டமாகப் படர்கிறது. பாமசியில் வாங்கிய பூச்சு மருந்தால் மூன்று நாளில் அடங்கிவிட்டு, பிறகு முன்னிலும் கூடுதலாக வருகிறது. உடம்புச் சூடு என்கிறார்கள். இம்முறை சலம் போகும்போது எரிவும் உண்டு. எல்லாம் காலநிலையால்தானா? பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். காலநிலையின் மீது பழி சுமத்தக்கூடியது முதலாவதில் மட்டும். அதிலும் பாதிப் பழிதான்.

ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும் வட்டங்கள் என்றால் அது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பங்கசுத் தொற்று. உடம்புச் சூடு அதற்குக் காரணமன்று. வெளியேற வழியில்லாத வியர்வையே காரணம். ஏப்ரலின் புழுக்கத்தில் நனையும் தோல், மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்ததும் உலராத துணிக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. மாடி வீட்டுப் பல்கனிக் கொடியில் இரண்டு நாள் தொங்கிய உள்ளாடையைத் தொட்டுப் பாருங்கள்: துணி காய்ந்திருக்கும், இடுப்புப் பட்டி மட்டும் குளிர்ந்திருக்கும். அந்த ஈரம் போதும். மழை நாட்களில் அதை அயர்ன் செய்து அணியுங்கள்; வீட்டில் சாரம் உடுத்துங்கள். கால்விரல் இடுக்கிலும் தோல் உரிகிறதா என்று பாருங்கள். உள்ளாடையைக் காலில் ஏற்றும்போது பங்கசு அங்கிருந்தும் மேலே வரும்.

என் ஐயம் முழுவதும் அந்தப் பூச்சு மருந்தின் மீதுதான். குழாயில் பீற்றாமெத்தசோன், குளோபெற்றசோல் போன்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பங்கசுவை அல்ல; தோலின் எதிர்ப்பைத் தளர்த்தி அதற்கு வழிவிடும். ஆண்டுதோறும் நீங்கள் ‘மழை வந்ததும் கூடுகிறது’ என்று கண்டது ஓரளவு இதன் வேலையாகவும் இருக்கலாம். குளோற்றிமசோல், டெர்பினஃபின் போன்ற பங்கசு எதிர்ப்பு மருந்தை, தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை பூச வேண்டும். தொற்று இப்படித் திரும்பத் திரும்ப வருவதால் இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை சோதியுங்கள்.

சல எரிவுக்கு மழையைக் காரணம் காட்ட வேண்டாம். கடையில் தண்ணீர் குடிக்காமல், மலசலகூடத்துக்குப் போவதையும் தள்ளிப்போடுவோருக்கு வெயில் காலத்தில் சலம் செறிந்து எரிவதுண்டு. ஆயினும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும், கொனோரியா, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகளும் இப்படியே தொடங்கும். அவற்றுக்குப் பருவகாலம் கிடையாது. முதலில் சலப் பரிசோதனை, அதன்பிறகுதான் மருந்து. பாலியல் தொற்று என உறுதியானால் மனைவிக்கும் சிகிச்சை தேவை. கொழும்பிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இவை இலவசமாக, இரகசியம் காத்துச் செய்யப்படுகின்றன.

படர்தாமரை பிள்ளைப்பேற்றைத் தொடாது. கவனிக்காமல் விட்ட சிறுநீர்ப் பாதைத் தொற்றோ பாலியல் தொற்றோ விதைவரை பரவினால் பாதிப்பு ஏற்படலாம். விதையில் திடீரெனக் கடும் வலி எடுத்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், காலைவரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். இப்போதைய தொல்லைக்கு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பாதி தீர்ந்த அந்தக் குழாயையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.