குடுமியை அறுத்த சாமுராய்

அன்புள்ள ஐயா,

போர்வீரர்களான சாமுராய்கள் ஆட்சிக்கு வந்த காமகுரா கால (12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) ஜப்பானைப் பற்றிக் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலையே தொழிலான சாமுராய்கள் கொல்லாமையைச் சொன்ன பௌத்தத்தை எப்படி ஏற்றார்கள்? ஆட்சியைக் காப்பாற்ற மதத்தைப் பயன்படுத்திய போலித்தனம் என்றே எழுதியிருக்கிறேன். தலைநகர் கியோத்தோவுக்கு அருகில் உள்ள ஹியெய் மலை மடத்துத் துறவிகள் ஆயுதம் ஏந்தியதையும் சேர்த்திருக்கிறேன். சாமுராய்களின் மதம் ஜென் என்ற தியானப் பௌத்தம், அதன் மூலவர் போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர், ஆகவே நமக்கும் அதில் பங்குண்டு என்று முடிக்கிறேன். சரிதானா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகக் குமகாய் நவோசானே என்ற சாமுராயைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை.

போதிதர்மரை விட்டுவிடுங்கள். பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. எப்படியானாலும் அவருக்கும் காமகுராவுக்கும் நடுவே 600 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கிறது. ஊர்ப்பெருமைக்காக வரலாறு படிக்கிற பழக்கம் இந்த வயதிலேயே வேண்டாம். ஹியெய் மலை விஷயமும் பெரிய புதிர் இல்லை. மடத்துக்கு நிலம் இருந்தது, நிலத்தைக் காக்க ஆயுதம் வந்தது.

ஜென்னுக்கு வருவோம். 1253இல் காமகுரா அரசை நடத்திய ஹோஜோ தொகியோரி சீனத் துறவி ஒருவரை முதல் தலைவராக்கிக் கென்சோஜி மடத்தை எழுப்பினார். அவர் மகன் தொகிமுனே மங்கோலியப் படையெடுப்பில் இறந்தவர்களுக்காக 1282இல் எங்காகுஜி மடத்தைக் கட்டினார். இரண்டு தரப்பிலும் இறந்தவர்களுக்காக என்பதைக் கவனியுங்கள். ஆனால் இதெல்லாம் மேலே இருந்தவர்களின் ஜென். கிழக்கு ஜப்பானின் கிராமங்களில், அரை ஏக்கர் வரப்புக்காக வழக்காடிக்கொண்டிருந்த சாதாரணப் போர்வீரர்களில் எத்தனையோ பேரின் வாயில் இருந்தது, தன் பெயரைச் சொல்பவரை மேற்கிலுள்ள தூய உலகுக்கு அழைத்துக்கொள்வார் என்று நம்பப்பட்ட அமிதாப புத்தரின் பெயர்.

அதற்குக் காரணமானவர் ஹோனென் என்ற துறவி. 1175இல் ஹியெய் மலையை விட்டு இறங்கினார். கோயில் கட்டுவதும் சிலை செய்வதும்தான் வழி என்றால் ஏழைக்குக் கதியில்லை, கல்விதான் வழி என்றால் படிக்காதவனுக்குக் கதியில்லை, விரதம் காப்பதுதான் வழி என்றால் அதை மீறியவனுக்குக் கதியில்லை, உலகில் அவர்கள்தானே அதிகம் என்று கேட்டார். அமிதாபரின் பெயரைச் சொல், போதும் என்றார். கொன்றவனுக்கும் கதவு திறந்தது அங்கேதான்.

குமகாய் அந்தக் கதவைத் தட்டியவர். 1184இல் இச்சிநோதானி கடற்கரையில், படகை நோக்கிப் போன எதிரிகளான தைரா குலத்து வீரன் ஒருவனைக் கூப்பிட்டு, வீழ்த்தி, தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். பார்த்தால் 16, 17 வயதுப் பையன், அட்சுமோரி. குமகாயின் சொந்த மகனுக்கும் அந்த வயதுதான், அன்று காலைதான் அவன் காயம்பட்டிருந்தான். விட்டுவிட நினைக்கிறார். திரும்பிப் பார்த்தால் தன் பக்கத்துக் குதிரைப்படை நெருங்கிவிட்டது. தான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். அழுதுகொண்டே வெட்டுகிறார். பையனின் இடுப்பில் பட்டுப்பையில் ஒரு புல்லாங்குழல். விடியலில் எதிரிக் கோட்டைக்குள்ளிருந்து கேட்ட இசை அவனுடையதாக இருக்கலாம் என்று அப்போது தோன்றுகிறது.

இது தைரா குலத்தின் வீழ்ச்சியைப் பாடும் ஹெய்கே காவியம் சொல்வது. அரசின் வரலாற்றேடு வேறொன்று சொல்கிறது. 1192இல் உறவினரோடு நில எல்லை வழக்கு. காமகுரா ஆட்சியை நிறுவிய யோரிடோமோ குறுக்குக் கேள்வி கேட்கிறார். குமகாய்க்கு வாள் வரும், பேச்சு வராது. ஆவணங்களை முற்றத்தில் வீசிவிட்டு எழுந்துபோய்த் தன் கையாலேயே குடுமியை அறுத்தெறிகிறார், துறவு பூணுவதன் அடையாளம் அது.

‘பார்த்தீர்களா, வெறும் நிலத்தகராறு’ என்று எழுதிவிடாதீர்கள். எட்டு ஆண்டுகளாக ஒருவன் நெஞ்சில் கிடந்தது எந்த நாளில் வெளியே வரும் என்று யார் சொல்ல முடியும்? எந்த நிலத்துக்காகக் கொன்றாரோ அந்த நிலமே கையை விட்டுப் போகும்போது ஒளிந்துகொள்ள என்ன மிச்சம்? நான் இரண்டையும் நம்புகிறேன்.

என் தாய்மாமா ராணுவத்தில் இருந்து போர் பார்த்தவர். கோயிலில் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போகமாட்டார். ஒரு கல்யாண வீட்டில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது உறவுக்காரர் ஒருவர், “நாலு பேரைச் சுட்டுட்டு வந்தவருக்குச் சாமி என்ன வேண்டிக்கிடக்கு, எல்லாம் வேஷம்” என்றார். மாமா நிமிரவில்லை. கத்தி மட்டும் பாதிக் கத்திரிக்காயில் நின்றது, அப்புறம் நறுக்கினார். ‘போலித்தனம்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். கையில் ரத்தம் படாதவர்களுக்கு இந்தச் சொல் சுலபமாக வருகிறது.

உங்கள் கட்டுரையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஹோனெனின் அப்பா மேற்கு ஜப்பானின் மிமாசாகாவில் உள்ளூர்க் காவல் அதிகாரி. 1141இல், ஹோனென் சிறுவனாக இருந்தபோது, அப்பாவை இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். சாகும்போது, பழிவாங்காதே, துறவியாகு என்று மகனிடம் சொன்னதாகச் சீடர் மரபு சொல்கிறது. அந்த மகனிடம்தான் குமகாய் போனார். ஒரு பையனைக் கொன்றவர், அப்பாவைக் கொலையில் பறிகொடுத்த பையனின் முன்னால் போய் உட்கார்ந்தார். உடலை அறுத்துக்கொள் என்றாலும் தயாராகக் கத்தியோடு போனாராம். பெயரைச் சொன்னால் போதும் என்றதும் கதறி அழுதாராம். பிறகு கிழக்கே ஊர் திரும்பும்போது, அமிதாபரின் மேற்குத் திசைக்கு முதுகு காட்டக் கூடாதென்று குதிரையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து போனார் என்கிறார்கள். இதில் எது வேஷம், சொல்லுங்கள்.

ஆட்சியாளர்கள் மதத்தைப் பயன்படுத்தவில்லை என்று நான் சொல்லவில்லை. காமகுரா அரசின் 1232 சட்டத்தொகுப்பில் 51 பிரிவுகள், முதல் இரண்டும் கோயில்களையும் மடங்களையும் பராமரிப்பது பற்றியவை. அதை எழுதுங்கள். கூடவே, 1207இல் தலைநகர் அரசவை ஹோனெனையும் அவர் சீடர் ஷின்ரானையும் நாடுகடத்தியதையும், 1271இல் காமகுரா அரசே நிச்சிரென் என்ற துறவியை சாடோ தீவுக்கு நாடுகடத்தி அனுப்பியதையும் எழுதுங்கள். ஆட்சியைக் காக்க மட்டுமே பரவிய மதம் என்றால், ஆள்பவர்களுக்கு ஏன் அதன் மீது இத்தனை பயம்?

கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு, ஹோனெனின் அப்பாவிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். உழைத்து எழுதுகிறவர் நீங்கள், அது கடிதத்திலேயே தெரிகிறது. மலருக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்புங்கள்.