இறக்கத்தில் முழங்கால் வலி: கார்பனா, அலுமினியமா?

மலையேற்றத்தில் இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, கார்பன் இழையாலான மலைநடை ஊன்றுகோல் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடை குறைவுதான். ஆனால் பாறை இடுக்கில் சிக்கிப் பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தால் கார்பன் சட்டென்று முறிந்துவிடும். அலுமினியம் பெரும்பாலும் வளையும்; ஓரளவு நிமிர்த்திக்கொண்டு நடையை முடிக்கலாம். உங்களுக்கு அலுமினியமே போதும் என்பேன்.

அதைவிட முக்கியம், பூட்டு; நீட்டிச் சுருக்கும் கோலின் பகுதிகளை நகராமல் பிடித்து வைப்பது அதுதான். திருகிப் பூட்டும் கோல் ஒன்று, ஈரப் பாறையில் என் எடை முழுவதும் இறங்கிய நொடியில் சரக்கென்று உள்ளே போய்விட்டது. முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது! நெம்பி மூடும் கிளிப் வகையைப் பாருங்கள், கையுறையோடும் திறக்கலாம். வாங்குமுன் பூட்டிவிட்டு, உடலைச் சாய்த்து அழுத்திப் பாருங்கள்.

சமதளத்தில் முழங்கை 90 பாகை மடங்கும் நீளம் சரி. இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். மணிக்கட்டுப் பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடியுங்கள்.