பேஜ்மேக்கர் போனதற்காகத் தேயிலைத் தோட்டத்தை விற்காதீர்கள்

கோத்தகிரியில் சின்ன அச்சகமும் டிடிபி சென்டரும் நடத்துகிற ஒருவர் மகளின் படிப்பைப் பற்றி நீளமாக எழுதிக் கேட்டிருந்தார். மகள் பிளஸ் டூ, கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் உள்ள குரூப். கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதிதாக வாங்கியதில், அச்சுக்குப் பக்கம் கட்டுகிற பேஜ்மேக்கர் மென்பொருள் ஒழுங்காக ஓடவில்லை, இருபது வருஷத்து ஃபைல்கள் அப்படியே கிடக்கின்றன. இந்தத் தொழிலே முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். கோவையில் இருக்கும் மச்சான் சொல்கிறபடி மகளை மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. இன்ஜினியரிங்கில் சேர்க்கலாமா, அதற்காக ஒரு ஏக்கர் தேயிலையை விற்கலாமா என்பதுதான் கேள்வி. இன்னும் பல வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அண்ணா, உங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தைரியமாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. தோட்டத்தை விற்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பேஜ்மேக்கர் செத்தது இப்போது இல்லை, எப்போதோ செத்துவிட்டது. ஆல்டஸ் நிறுவனம் அதை 1985இல் கொண்டுவந்தது. 1994இல் ஆல்டஸ் அடோபியோடு சேர்ந்தது. 7.0 என்ற கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது. 2004இல், இனிமேல் இதை வளர்க்கப் போவதில்லை என்று அடோபியே சொல்லிவிட்டது. அதற்கு அப்புறமும் நீங்கள் கல்யாணப் பத்திரிகை, படுகர்களின் ஹெத்தை பண்டிகை நோட்டீஸ், சர்ச் சுற்றறிக்கை, தேயிலை ஃபேக்டரி பில் புக் என்று அடித்து வீட்டை நடத்தியிருக்கிறீர்கள். அதாவது தயாரித்தவர்களே கைவிட்ட ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு உங்கள் தொழில் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. மென்பொருள் போனால் தொழிலும் போய்விடும் என்றால் அது எப்போதோ போயிருக்க வேண்டும். இதே மாதிரி பக்கம் கட்டுகிற மைக்ரோசாஃப்ட் பப்ளிஷருக்கும் 2026 அக்டோபரோடு ஆதரவு முடிகிறது, இன்னும் பல கடைக்காரர்கள் உங்களைப் போலவே தவிப்பார்கள். அந்தத் தவிப்பில்தான் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மச்சான் அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், அதற்கு மேலே டொனேஷன் எல்லாவற்றையும் அவர் கட்டப் போவதில்லை. படிக்கப் போவதும் அவர் இல்லை. "கணக்கு வரும், ஆனால் பிடிக்காது" என்று மகளைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏ.ஐ. படிப்பில் புள்ளியியலும் கணக்கும்தான் அடித்தளம், பிடிக்காமல் நான்கு வருஷம் அதோடு மல்லுக்கட்டச் சொல்வது பாப்பாவுக்குச் செய்கிற அநியாயம். அதே கடிதத்தில், போகிற போக்கில், பத்திரிகை புரூஃபில் பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் அவள்தான் முதலில் பிடிப்பாள், எழுத்து இடைவெளி சரியில்லை என்றால் பிரிண்ட் எடுக்கவே விடமாட்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எதில் நாட்டம் என்று உங்களுக்கே தெரியும், வருமானத்தை நினைத்துத்தான் அதைத் தள்ளிவைக்கிறீர்கள்.

பி.காம்., நர்சிங், பி.எட். எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான், அதற்குள் நான் போகவில்லை. யாரும் பேசாத அச்சுத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுகிறேன். சென்னை தரமணியில் அரசின் அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது, மூன்று வருஷ டிப்ளமோ. உங்கள் மகள் படித்த குரூப்புக்கு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், முடித்த பிறகு பி.இ. படிக்க ஆசை வந்தால் அங்கேயும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். மார்க் நன்றாக வந்தால் கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி இருக்கிறது, கவுன்சலிங் வழியாகவே கிடைக்கும். இரண்டுமே அரசு இடங்கள், டொனேஷன் என்ற பேச்சே கிடையாது. "பேக்கேஜிங்" என்பதைக் கவனியுங்கள். நம் மலையில் டீத்தூள் பாக்கெட், சாக்லேட் பெட்டி, வர்க்கி கவர், யூகலிப்டஸ் தைல பாட்டில் லேபிள் என்று அச்சடிக்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது! அதற்கெல்லாம் டிசைனை அச்சுக்கு ஏற்றபடி நிறம் நிறமாகப் பிரித்துத் தரும் ஆட்கள் வேண்டும்.

இனி உங்கள் கடையில் கிடக்கிற பழைய ஃபைல்கள். பாப்பா அங்கேயே பழக ஆரம்பிக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பேஜ்மேக்கர் ஃபைலில் சிக்கல் இரண்டு. ஒன்று, ஃபைலைத் திறப்பது. பேஜ்மேக்கருக்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைல் திறக்கும், இப்போதைய பதிப்புகளில் திறக்காது. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் டிரா பேஜ்மேக்கர் ஃபைலையும் பப்ளிஷர் ஃபைலையும் திறக்கும், லேஅவுட் கொஞ்சம் கலையும், ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தை வெளியே எடுத்துவிடலாம்.

இரண்டாவதுதான் பெரிய வேலை. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் யூனிகோட் இல்லை, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள், அவற்றுக்கு மேலே தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபான்ட் இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாக வரும். அதனால் கன்வெர்ட்டர் போட்டு யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பவும் முடியாது. பழைய டைப்பிஸ்டுகள் பல பேர் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் அடித்திருப்பார்கள், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மாற்றியதும் சொல்லே உடைந்துவிடும். கொம்பு வைத்த எழுத்துகளில் கொம்பை முதலில் அடித்த வரிசை யூனிகோடில் தலைகீழாக வேண்டும். நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் கன்வெர்ட்டர் தமிழ் என்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றிவிடும். இதையெல்லாம் வரி வரியாகப் பார்த்துத் திருத்தத் தமிழ் தெரிந்த, பொறுமையான ஒரு கண் வேண்டும். வரி உடைந்ததைப் பார்த்ததும் பிடிக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

அவளிடம் முதலில் செய்யச் சொல்ல வேண்டியது, பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இரண்டு காப்பி எடுப்பது. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபான்ட்டுக்கு லாக் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் ஃபான்ட் வேலை செய்கிற சின்னக் கருவி) மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த லாக்கையும் பத்திரமாக வையுங்கள், அது போனால் ஃபான்ட்டும் போச்சு. புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, பழைய விண்டோஸைப் போட்டு, அதற்குள் பேஜ்மேக்கரை ஓடவைத்து, முக்கியமான ஃபைல்களை ஃபான்ட்டோடு பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். வருஷா வருஷம் திரும்பி வருகிற பில் புக், திருவிழா நோட்டீஸ் போன்றவற்றை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும், பழைய பத்திரிகை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு உட்கார வேண்டாம்.

எதில் கட்டுவது? ஸ்கிரைபஸ் என்ற பக்கம் கட்டும் மென்பொருள் இலவசம், 1.6 பதிப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. அதில் பழகட்டும். இன்டிசைன் சந்தா கட்ட வேண்டிய மென்பொருள். வேலை தருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள் என்பதால் டிப்ளமோவின் கடைசி வருஷத்தில் மாணவர் சலுகையில் எடுத்துக்கொள்ளலாம், இப்போதே வாங்காதீர்கள். யாராவது கிராக் போட்டுத் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஒரு வைரஸ் போதும், காப்பாற்றி வைத்த ஃபைல்களை அழிக்க. கூடவே தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளட்டும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது.

வேலை சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் பக்கம் கட்டிக் கொடுக்கிற நிறுவனங்கள் அங்கே நிறைய. அச்சுக்குப் பேர் போன சிவகாசியும் இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் மென்பொருள் கம்பெனிக்காரர் வாய்பிளக்கிற அளவுக்கு இருக்காது, அதை மறைத்து உங்களை நம்பவைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கடன் இல்லாமல் தொடங்குகிற பிள்ளைக்கு அந்தச் சம்பளம் கையில் நிற்கும், தோட்டம் விற்று, லோன் எடுத்துப் படித்தவளுக்கு அதைவிடப் பெரிய சம்பளமும் தவணையிலேயே கரையும்.

மச்சானிடம் பேசும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவள் சார்பில் நீங்கள் பேச வேண்டாம். அதற்கு முன்னால் கடையில் ஒரு பழைய பில் புக்கை அவளிடம் கொடுத்து ஸ்கிரைபஸில் முழுதாகக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடித்த பிறகு அடுத்ததைக் கேட்டால் தரமணிக்கும் கவுன்சலிங்குக்கும் விண்ணப்பம் போடுங்கள். அலுத்துப்போய் எழுந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். அப்போதும் தோட்டத்தை விற்கச் சொல்ல மாட்டேன்.